முதலியார்பேட்டைக் கிளை

ஜெனிவா
3 மார்ச் 2024

அன்பு வல்லிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான்காவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் யோசித்தாவது சண்டை போடலாம் என்று போன தீபாவளிக்கு நீ சொன்னாய். அதனால் மின்னஞ்சல் என்றாலும் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நீ அனுப்பிய ரசப்பொடி தீர்ந்துவிட்டது. வெந்நீரில் புளியும் மிளகும் போட்டு அதை ரசம் என்று நம்பிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு என்று வந்தவன் ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். அணு ஆயுதங்களை ஒழிக்கப் பாடுபடும் நூற்றுச் சொச்சம் அமைப்புகள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பில் தெற்காசியாவுக்கு நான்தான் பொறுப்பு. இப்போது எங்கள் செயலாளர் ஹெல்கா புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் சொந்த ஊரில் தனக்கு இருக்கும் மக்கள் பலத்தைக் காட்ட வேண்டுமாம். பெயர், முகவரி, கையெழுத்து.

ஒரு சின்னச் சிக்கல். என் ஆண்டறிக்கைகளில் முதலியார்பேட்டைக் கிளை என்று ஒன்றைக் குறிப்பிட்டு வந்திருக்கிறேன். உறுப்பினர்கள் நானூறு பேர். தலைவர், திருமதி அமுதவல்லி, புள்ளியியல் விரிவுரையாளர். இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் பத்துக்குள் அந்த நானூறு கையெழுத்து வர வேண்டும். வராவிட்டால் ஆகஸ்டோடு என் பதவி முடிந்துவிடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய நிலை. எனக்காக வேண்டாம், மனித குலத்துக்காகச் செய். கையெழுத்து வாங்க வேண்டிய வேண்டுகோளின் தமிழ் வடிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் எழுதியதுதான். கடைசிப் பத்தி நன்றாக வந்திருக்கிறது.

என்றும் உன்
நெடுமாறன்


முதலியார்பேட்டை
10 மார்ச் 2024

நெடுமாறனுக்கு,

நலம். கிளைத் தலைவர் எழுதுவது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, நான் ஆறு வருடமாகத் தலைவராக இருக்கிறேன் என்பதை நம்ப முடியாமல். இரண்டாம் முறை, "ஊர் திரும்ப வேண்டிய நிலை" என்ற இடத்துக்காக. வெள்ளத்தில் வீடு போனவர்கள் முகாமுக்குப் போவதை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். நான் நானூறு கையெழுத்து வாங்கினால் நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். வாங்காவிட்டால் வீட்டுக்கு வருவீர்கள். இரண்டில் உங்களுக்கு எது வேண்டும் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஒரு வரி எழுதினால் அதற்குத் தகுந்த மாதிரி வேகமாகவோ மெதுவாகவோ நடப்பேன்.

கையெழுத்தால் குண்டு குறையும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் எண்களைச் சரியாகப் போடச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் பெயருக்குப் பக்கத்தில் நானூறு என்று ஒரு பொய்க் கணக்கு நிற்பது கூச்சமாக இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகச் செய்கிறேன்.

முதல் வார நிலவரம்: பதினொன்று. எல்லாம் கல்லூரியில் வாங்கியவை. ஏழு பேர் படிக்காமல் போட்டார்கள். ஒருவர் போட்டுவிட்டு, "மேடம், இது குண்டு வேணும்னா, வேணாம்னா?" என்று கேட்டார்.

தெருவில் முதலில் முசே கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், அதனால்தான் ஊருக்கே முசே, கோடி வீட்டுக்காரர், உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி கமலா அம்மா இந்தியக் குடிமகள். இரண்டு அணு ஆயுத நாடுகள் ஒரே வீட்டில் இருப்பதை நான் அதுவரை யோசித்ததில்லை.

"எந்த பாமும்மா இது? எங்க பாமா, உங்க பாமா?" என்றார்.

"எல்லா நாட்டுதும் சேத்துதான் முசே."

உள்ளேயிருந்து கமலா அம்மா, "மொதல்ல அவரப் போடச் சொல்லு. அவங்கதான் ரொம்ப வெச்சிருக்காங்க. அப்புறம் நான் போடறேன்" என்றார்.

"அதெப்படி? நான் போட்டுட்டு நீ போடலன்னா?"

"நாப்பது வருஷமா ஒங்களுக்கு சோறு போடறேன், ஒரு கையெழுத்து போட மாட்டனா?"

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது. கையெழுத்து வரவில்லை. மற்றவர் முதலில் போட வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறார்கள். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் ஓரளவு விளங்கியது.

ரசப்பொடி அனுப்புகிறேன்.

அமுதவல்லி


ஜெனிவா
19 மார்ச் 2024

அன்பு வல்லிக்கு,

பதினொன்று என்பது தொடக்கம். மனம் தளராதே. மக்களின் நெஞ்சைத் தொட்டுப் பேசு. அறிவைத் தொட்டால் கேள்வி கேட்பார்கள். வேண்டுகோளின் கடைசிப் பத்தியை உரக்கப் படித்துக் காட்டினால் பலன் இருக்கும் என்று தோன்றுகிறது.

கிருஷ்ணசாமி தம்பதியின் கதையை அலுவலகத்தில் சொன்னேன். ஹெல்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "அது இருக்கட்டும், கையெழுத்து எங்கே?" என்றார்.

நீ கேட்டதற்குத் தனியாக, விரிவாகப் பிறகு எழுதுகிறேன். இப்போது எண்ணிக்கைதான் முக்கியம்.

என்றும் உன்
நெடுமாறன்


முதலியார்பேட்டை
5 ஏப்ரல் 2024

நெடுமாறனுக்கு,

நெஞ்சைத் தொட முயன்றேன். தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கையில் தாளோடு வீடு வீடாகப் போகிறவளை எல்லோரும் வேட்பாளர் என்று நினைக்கிறார்கள். மூன்று வீட்டில் எனக்கு ஆரத்தி எடுக்க வந்தார்கள். பறக்கும் படை ஒரு நாள் என்னை நிறுத்திப் பையைச் சோதித்தது. உள்ளே இருந்தவை உங்கள் வேண்டுகோள் இருநூறு பிரதி, ஒரு டிபன் பாக்ஸ். அதிகாரி வேண்டுகோளைப் படித்துவிட்டு, "எந்தக் கட்சிம்மா இது, பேரே கேட்டதில்லையே" என்றார். கடைசிப் பத்தியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

அந்த நிலையில்தான் கமலக்கண்ணன் வந்தார். எதிர் வரிசையில் இருக்கிறார். மில் ஓடிய காலத்தில் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். உங்கள் வேண்டுகோளைக் கண்ணாடி போட்டு முழுதும் படித்தார். கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். பிறகு சொன்னார்:

"டீச்சர், இதுல ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்குது. ஒரு கோரிக்கைய வெச்சிக்கினு யாராவது பேச்சுவார்த்தைக்குப் போவாங்களா? ஒண்ணு வெச்சா இல்லன்னு சொல்லிட்டு எழுந்து பூடுவான். பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு வெக்கணும். பெருச மறுத்துட்டோமேன்ற கூச்சத்துல சின்னதக் குடுப்பான். நாப்பது வருஷம் அப்டித்தான் வாங்கனோம்."

"இதில் சின்னது என்று எதை வைப்பது?"

"அத கையெழுத்து போடறவங்கள கேளு."

அவரே தாளை அச்சடித்து வந்தார். மேலே: "கோரிக்கை 1: உலகில் உள்ள எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிக்க வேண்டும்." கீழே: "கோரிக்கை 2:" என்று போட்டு ஆறு கோடு காலியாக. உங்கள் மற்ற பத்திகள் இல்லை. இடம் போதவில்லை என்றார்.

எங்கள் வாசலில் மேசை போட்டோம். தேர்தல் முடியும்வரை அலுவலகங்களில் குறைதீர் கூட்டம் கிடையாது. ஊரில் மனு வாங்குகிற ஒரே மேசை அப்போது நம் வீட்டு மேசைதான். முதல் நாள் இருபது பேர். மூன்றாம் நாள் வரிசை பால் பூத் வரை போயிற்று. பாதிப் பேர் ஆதார் நகலை இணைத்துக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும், "இருக்கட்டும்மா, அப்புறம் கேப்பாங்க" என்கிறார்கள். என்னைச் சோதித்த படையில் இருந்த போலீஸ்காரர் சீருடையில் கையெழுத்துப் போடக் கூடாது என்று மனைவியை அனுப்பினார். அணு ஆயுதம் ஒழிய வேண்டும், தேர்தல் வேலைக்காக மட்டும் இங்கே வந்திருக்கும் கணவருக்குக் காரைக்காலில் இருந்து மாற்றல் வேண்டும்.

கிருஷ்ணசாமி வீட்டுச் சிக்கலையும் கமலக்கண்ணனே தீர்த்தார். இரண்டு பேனா, இரண்டு தாள், "ஒண்ணு, ரெண்டு, மூணு." இருவரும் ஒரே நேரத்தில் போட்டார்கள். போடும்போது ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு மறக்க முடியாதது தையல்நாயகியின் மனு. வீராம்பட்டினத்தில் இருந்து வந்து வாய்க்கால் பாலத்துக்கு அருகில் மீன் விற்கிறவர். எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பாம் போட்டா மீனும் செத்துப்பூடும், மீன் வாங்கறவங்களும் செத்துப்பூடுவாங்க, அத்த எடுத்துடுங்க. ரெண்டாவது, நாங்க போற கக்கூசு கதவுக்குத் தாழ்ப்பாளு இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கினு நிக்கணும். அந்த நேரத்துல ரெண்டு பேரு கூடையும் பூனைக்கு."

கைநாட்டு வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "ரசீது?"

ரசீது கொடுக்காமல் மனு வாங்குவதை இந்த ஊரில் யாரும் ஏற்க மாட்டார்கள். கமலக்கண்ணன் முத்திரையும் செய்துவிட்டார். "பெறப்பட்டது. முப்பது நாட்களில் பதில் அளிக்கப்படும். தலைவர்." கீழே என் கையெழுத்து.

மொத்தம் 417. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் பதவி பிழைத்தது. நீங்கள் பிறகு விரிவாக எழுதுவதாகச் சொன்னது இன்னும் வரவில்லை.

அமுதவல்லி


ஜெனிவா
13 ஏப்ரல் 2024

வல்லி,

என்ன காரியம் செய்திருக்கிறாய்!

நான் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஹெல்கா எல்லாவற்றையும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிட்டார். இன்று காலைக் கூட்டத்தில், பதினாறு நாட்டுக்காரர்கள் முன்னால், மொழிபெயர்ப்பாளர் எழுந்து, "இந்த ஆவணத்தில் அணு ஆயுதத்துக்கு அடுத்தபடியாக ஒரு சேவல் பற்றிப் புகார் இருக்கிறது, அது காலை மூன்று மணிக்கே கூவுகிறதாம், சரியாகத்தான் மொழிபெயர்த்தேனா?" என்று என்னைக் கேட்டார். சரிதான் என்றேன். வேறு என்ன சொல்வது?

மக்கள் நெஞ்சைத் தொடச் சொன்னால் நீ சாக்கடையைத் தொட்டிருக்கிறாய். இது உலக மேடை. இங்கே தாழ்ப்பாளுக்கு இடம் இல்லை. தயவுசெய்து ஒன்று செய். கோரிக்கை 1, பெயர், கையெழுத்து இவை மட்டும் தெரிகிற மாதிரி நடுப்பகுதியை மறைத்து மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பு. ஒரு அட்டையை வெட்டி வைத்தால் போதும், அரை நாள் வேலை. நான் ஹெல்காவிடம் முதலில் வந்தது தவறான கோப்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

நெடுமாறன்


முதலியார்பேட்டை
24 ஏப்ரல் 2024

நெடுமாறனுக்கு,

அட்டை வெட்ட மாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பத்து நாள் அந்த 417 தாளையும் எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். என் வேலை அது. 402 பேர் இரண்டாம் கோரிக்கை எழுதியிருக்கிறார்கள். வாய்க்கால் தூர் வாருவது 96, பட்டா 71, ரேஷன் 58, தெருவிளக்கு 40, சேவல் 1, மற்றவை பாக்கி. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்காதது வேறு. முதல் கோரிக்கையை ஒருவர்கூட அடிக்கவில்லை. தனக்குத் தேவை இரண்டாவது மட்டும்தான் என்றால், தேவையில்லாததை அடித்துவிட்டுக் கொடுப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். எந்த விண்ணப்பத்திலும் அப்படித்தான் செய்வார்கள். இதில் செய்யவில்லை. 38 பேர் முதல் கோரிக்கைக்குப் பக்கத்தில் தாங்களாக ஏதோ எழுதியிருக்கிறார்கள். "அவசரம்" என்று நான்கு பேர். "ஏற்கனவே தாமதம்" என்று ஒருவர்.

இவர்கள் இரண்டையும் ஒரே கையெழுத்தின் கீழ் கேட்டிருக்கிறார்கள். பாதியை மறைத்தால் அது அவர்கள் போட்ட கையெழுத்து இல்லை. போனால் முழுத் தாளும் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்று. முப்பது நாள் நெருங்குகிறது. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தெருவில் இருபது வருடமாக நான் யார் வீட்டுக்கும் போனதில்லை, என் வீட்டுக்கும் யாரும் வந்ததில்லை, நிம்மதியாக இருந்தேன். இப்போது காலை காபிக்கு முன்பே மணி அடிக்கிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கமலக்கண்ணன். பரிசீலனையில் இருக்கிறதா? இல்லையே. இல்லாததை எழுத என்னால் முடியாது.

நேற்று அவரிடமே, "முதல் கோரிக்கை எப்படியும் நடக்காது என்று தெரிந்துதானே வைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நடக்காதுன்னு யாரு சொன்னது? அவன் குடுக்க மாட்டான்னு நாமளே முடிவு பண்ணிட்டா அவனுக்கு வேலையே இல்லாம பூடும் டீச்சர்" என்றார்.

இதனால் உங்கள் பதவி போனால் போகட்டும். நடு அறையில் இருந்த பரீட்சைத்தாள் கட்டுகளை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். இங்கே இடம் இருக்கிறது.

அமுதவல்லி


ஜெனிவா
9 மே 2024

அன்பு வல்லிக்கு,

உன் கடிதத்தை ஹெல்காவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கடைசிப் பத்தியைத் தவிர. அது எனக்கு வந்தது.

ஹெல்கா ரயிலில் பெர்ன் போய் வருவதற்குள் மொழிபெயர்ப்பு முழுவதையும் படித்துவிட்டார். திரும்பியதும் என்னை அழைத்தார். "நெடு, ஆறு வருடமாக நீ எனக்குப் பத்திகள் கொடுத்தாய். இந்தப் பெண் ஒரு மாதத்தில் மனிதர்களைக் கொடுத்திருக்கிறாள்" என்றார். என் எதிரிலேயே சொன்னார். அவர்கள் ஊரில் அது மரியாதையாம்.

ஜூலையில் இங்கே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கான ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. அதில் ஒரு அமர்வில் எங்களைப் போன்ற அமைப்புகள் அரசுப் பிரதிநிதிகள் முன் பேசலாம். ஆறு வருடமாக அந்த மேடைக்குக் காத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். உரைகூடத் தயாராக இருக்கிறது.

ஹெல்கா முதலியார்பேட்டைக் கிளைத் தலைவர் பேச வேண்டும் என்கிறார். முழுத் தாளோடு. இரண்டு நிமிடம்.

என்னைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். ஆகஸ்ட் கடைசிவரை நான் களப்பணியில் இருக்க வேண்டும், அதோடு என் பதவி முடிகிறது. களம் எது என்று கேட்டேன். வரைபடத்தில் காட்டினார். நம் வீடு.

பரிசீலனையில் இருக்கிறது என்று இப்போது நீ எழுதிக் கொடுக்கலாம். உண்மைதான்.

நெடுமாறன்


முதலியார்பேட்டை
12 ஜூலை 2024

நெடுமாறனுக்கு,

விசா வந்துவிட்டது. விசா அலுவலகத்தில் கேள்வி கேட்டவர் இளைஞர். "எதற்காகப் போகிறீர்கள்?" என்றார். "அணு ஆயுதங்களை ஒழிக்க" என்றேன். "எத்தனை நாள்?" "பதினைந்து." அவர் தலை நிமிரவில்லை. "அங்கே உறவினர் யாராவது?" "கணவர்." "அவரோடு தங்குவீர்களா?" "இல்லை, நான் போகும் அன்று அவர் இங்கே வருகிறார்." அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கதவில், "மனுக்கள் ஜெனிவா கொண்டுசெல்லப்படுகின்றன" என்று கமலக்கண்ணன் ஒட்டிவிட்டார். முசே கிருஷ்ணசாமி தன் ராணுவக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜூலையில் அங்கே வெயில் என்றேன். "வெள்ளக்காரன் வெயிலு அப்டித்தாம்மா, நம்பக் கூடாது" என்றார்.

பத்தொன்பதாம் தேதி உங்கள் விமானம் இறங்கி நான் உள்ளே போவதற்கு இடையில் நாற்பது நிமிடம் இருக்கும். சொல்ல வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் மோட்டார், கேஸ் புத்தகம், ரசீதுப் புத்தகம். தேர்தல் விதி முடிந்துவிட்டதால் இரண்டாம் கோரிக்கைகளின் நகலை நீங்களும் கமலக்கண்ணனும் அந்தந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

மேடையில் நான் பேசியதே இல்லை. வகுப்பில் யாரும் கேட்பதில்லை என்பதால் அது கணக்கில் வராது. உங்கள் உரையை அனுப்ப வேண்டாம்.

அமுதவல்லி


முதலியார்பேட்டை
27 ஜூலை 2024

அன்பு வல்லிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு மணி அடிக்கிறது.

விமான நிலையத்தில் நாற்பது நிமிடமும் நீ மோட்டார் பற்றியே பேசினாய். உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. முதல் நாளே தொட்டி நிரம்பி வழிந்து தெருவுக்கு வந்துவிட்டது. உடனே அடுத்த வீட்டுக்காரர் என் மேல் ஒரு மனு கொடுத்தார். வாங்கி ரசீது போட்டுக் கொடுத்தேன்.

தையல்நாயகி வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா நீ? டீச்சரம்மா எங்க?"

"நான் அவங்க வீட்டுக்காரர்."

"ஜெனிவால இருக்கறாரே, அவரா? எதுக்கு வந்த? அங்க யாரு பாக்கறது?"

"அவங்கதான் போயிருக்காங்க."

"அப்ப சரி" என்றார். ஆறு வருட உழைப்பு, வல்லி. அப்ப சரியாம். உலக அமைதி எவ்வளவு சிக்கலானது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். நடுவில், "அதெல்லாம் இருக்கட்டும் சார், தாழ்ப்பாளு?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானே போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். கமலக்கண்ணன் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "சார், நாம மாட்டிட்டா கோரிக்கை செத்துப்பூடும். மாட்ட வேண்டியவன் மாட்டணும்" என்றார். இத்தனை வருடமாக என் கட்டுரைகளில் நான் சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நகல்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினோம். நேற்று முதல் பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "கோரிக்கை 1: இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதல்ல. கோரிக்கை 2: ஆவன செய்யப்படும்." இன்று மதியம் ஆள் வந்து தாழ்ப்பாள் மாட்டிவிட்டார். தையல்நாயகி உள்ளே போய்ப் போட்டுப் பார்த்து, எடுத்துப் பார்த்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மற்றவர்கள் வெளியே கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆறு வருடத்தில் நான் கேட்டு எந்த அரசும் எதற்கும் எழுத்தில் பதில் கொடுத்ததில்லை. முதல் வரியை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். வரம்புக்கு உட்பட்டதல்ல என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கூடாது என்று சொல்லவில்லை.

நீ மார்ச்சில் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. எது வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறு வருடம் வராதவன் இப்போது வருகிறேன் என்று எந்த முகத்தோடு எழுதுவது? பதவி போனதால் வந்தான் என்று நீ நினைப்பாய். பதவி போகாமல் இருந்தால் வந்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நடு அறையில் படுத்துக்கொண்டு இதைத்தான் யோசிக்கிறேன்.

ஹெல்காவிடம் பேசினால் எனக்கு வேறு ஏதாவது வேலை அங்கே கிடைக்கலாம். நீ வந்ததும் நான் கிளம்பட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்வதுதான்.

நெடுமாறன்


ஜெனிவா
31 ஜூலை 2024

நெடுமாறனுக்கு,

பேசிவிட்டேன்.

என்ன பேசுவது என்று கடைசிவரை முடிவாகவில்லை. தையல்நாயகியின் தாளை எடுத்து இரண்டு கோரிக்கைகளையும் படித்தேன். பூனை வந்த இடத்தில் மண்டபம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் வேகம் வேறு வேறு என்பதால் சிரிப்பும் மொழி மொழியாக வந்தது. சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, "இவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இரண்டாவது எங்கள் ஊரில் யார் பொறுப்பு என்று எங்களுக்குத் தெரியும். முதலாவதற்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் இங்கே கொண்டுவந்தேன்" என்றேன். இன்னும் இருபது விநாடி மீதி இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் ஒரு நாட்டின் பிரதிநிதி என்னிடம் வந்தார். நாடு எது என்பது வேண்டாம், குண்டு வைத்திருக்கிறது. மிக மரியாதையானவர். "தாழ்ப்பாள் போட்டாயிற்றா?" என்று கேட்டார். உங்கள் கடிதம் வந்திருந்ததால், ஆயிற்று என்றேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "முதல் கோரிக்கை?" என்றேன். தன் வரம்புக்கு உட்பட்டதல்ல என்றார். நம் ஊர் அலுவலகம் எழுதிய அதே சொற்கள், வேறு மொழியில்.

"தெரியும். பெற்றுக்கொண்டதாக மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள். நான் ஊரில் காட்ட வேண்டும்" என்று கையோடு கொண்டுவந்த இன்னொரு ரசீதுப் புத்தகத்தை நீட்டினேன். உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கூரையைப் பார்த்தார். போட்டார். தேதியோடு. 417 தாளும் இப்போது அவர் பையில் இருக்கின்றன. கமலக்கண்ணனிடம் சொல்லுங்கள், தேநீர்க் கடைக்குப் போய்ச் சொல்லிவிடுவார்.

மிகைப்படுத்த விரும்பவில்லை. நான் வந்தபோது உலகத்தில் எத்தனை குண்டு இருந்ததோ அத்தனையும் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அதை ஒழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று இனி அந்த ஒருவர் சொல்ல முடியாது. என் கணக்கில் இது பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று சொல்லத் தரவு போதாது.

உங்கள் அறையில்தான் தங்கியிருக்கிறேன். ஆறு வருடம் ஒரு மனிதன் ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஹெல்கா நேற்று உங்கள் பதவியை எனக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். உங்களுக்காக மறுத்தேன் என்று நினைக்க வேண்டாம். பதில் கொடுக்க வேண்டியது இன்னும் நானூற்றுப் பதினாறு இருக்கிறது, எனக்குக் கல்லூரியும் இருக்கிறது, ஒரு ஆளால் முடியாது. அதையே அவரிடம் சொன்னேன். முதலியார்பேட்டைக்கு ஒரு முழு நேர ஆள் வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். சம்பளம் நீங்கள் இங்கே வாங்கியதில் பாதிக்கும் குறைவு.

பதவி போனதால் வந்தீர்களா என்று நானும் யோசித்தேன். ஆறு வருடம் போ என்றும் சொல்லாமல் வா என்றும் சொல்லாமல் நான் இருந்திருக்கிறேன். யார் முதலில் சொல்வது என்று இருவரும் காத்திருந்தோம். முசே கிருஷ்ணசாமி வீட்டில் உட்கார்ந்து நான் சிரித்திருக்கக் கூடாது.

கிளம்பவா, இருக்கவா என்று கேட்டீர்கள். இருங்கள். ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம். நீங்கள் யோசித்து எழுதி முடிப்பதற்குள் நானே வந்துவிடுவேன். சனிக்கிழமை காலை.

உங்கள்
வல்லி